யாழ்ப்பாணத்தில் மறைப்பு வேலி போட எவ்வளவு முடியும்? எல்லைக்கல்லிலிருந்து படலை வரை

கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவர்களுடைய பின்வளவு, ஆறடி உயரத்துக்கு நெருக்கமாக அடித்த பலகை வேலி, கீழே கத்தரித்த புல். படத்துக்குக் கீழே ஒரு வரி: "அண்ணா, கொக்குவில் வளவுக்கும் இப்படி ஒண்டு போட எவ்வளவு முடியும்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் நான் உடனே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் இதே மாதிரிப் பலகை வேலி ஒன்றை என் சொந்த வளவில் போட்டு, மூன்றாம் வருஷச் சோளகத்தில், அதுதான் தென்மேற்குக் காற்றில், அது ஒரு பக்கமாகச் சரிந்து பக்கத்து வீட்டு வாழையை முறித்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்தவன் நான். விழுந்த தூணின் அடியைக் கையில் எடுத்தேன். வெளியே பெயின்ற் பூசினபடி அழகாக இருந்தது, உள்ளே கறையான் மண். பெருவிரலால் அமத்தினால் ஒடியல் மா மாதிரி உதிர்ந்தது. நிலமட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், அவ்வளவுதான் போயிருந்தது. மிச்ச மரம் புதிது மாதிரி.

வேலிக்கு விலை கேட்கிற எல்லாரும் போடுகிற அன்றைக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வருஷத்துக்கு எவ்வளவு தின்னும் என்று. தின்கிற இடம் அந்த இரண்டு சாண். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

முதலில் எல்லை

மரம் பார்க்கப் போகாதீர்கள். காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுங்கள். எங்கள் பக்கத்து வேலிகள் நடக்கும். பகிடியில்லை. பழைய பூவரசங்கதியால் (வேலிக்கு நடுகிற உயிர்த்தடி) பருத்து மரமாகிவிட்டால் புதுக் கதியாலை அதற்கு அருகில் நடுவார்கள், அடுத்த தலைமுறை அதற்கு அருகில் நடும், முப்பது வருஷத்தில் வேலி ஒரு முழம் போய்விடும். யாரும் களவெடுக்கவில்லை, ஆனால் காணி குறைந்திருக்கும். உயிர்வேலியாக இருக்கும்வரை இதைப் பெரிதாக யாரும் எடுப்பதில்லை. நீங்கள் கொங்கிறீற் போட்டுத் தூண் நிறுத்துகிற அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு மாமி வந்து நிற்பார்: "தம்பி, உங்கட பக்கம் அரை அடி கூட வருது போல."

எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிறது என்றால் சரி. இல்லையென்றால் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள், அந்தக் காசை வேலிச் செலவின் முதல் வரியாக எழுதுங்கள். தூணைப் பிடுங்கித் திரும்ப நடுகிற செலவைவிட, அதைவிட முக்கியமாக நீதிமன்றம் ஏறுகிற செலவைவிட, இது குறைவு. அளக்கிற அன்று பக்கத்துக் காணிக்காரரும் நிற்கட்டும், ஒரு தேத்தண்ணி கொடுத்து நூலை அவர் கையிலும் பிடிக்கக் கொடுங்கள். பழைய எல்லைக்கதியாலைச் சொல்லாமல் மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன பாதிக் கதைகள் அங்கேதான் தொடங்கின.

ஒழுங்கை அல்லது வீதிப் பக்கத்தில் நிரந்தரமாக எதையாவது நிறுத்துவதென்றால் பிரதேச சபையில், நகரத்துக்குள் என்றால் மாநகர சபையில், வீதி எல்லை எங்கே வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எத்தனை அடி உண்மையில் வேண்டும்?

எங்கள் பக்கத்துக் காணிக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். இரண்டு பரப்பு வளவு 5,445 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 74 அடி, சுற்றிவர 295 அடி. நீளமான ஒடுங்கிய காணி என்றால் அதே இரண்டு பரப்புக்குச் சுற்றளவு இன்னும் கூடும். அதனால் பரப்பைச் சொல்லி விலை கேட்காதீர்கள், நாடாவைப் பிடித்து அடியைச் சொல்லுங்கள்.

அப்புறம் நடந்து பாருங்கள். 295 அடிக்கும் மறைப்புத் தேவையா? கிணற்றடிக்குத் தேவை, குளிக்கிற இடம். குசினிக்குப் பின்பக்கம் தேவையாக இருக்கலாம். ஒழுங்கையிலிருந்து விறாந்தை நேரே தெரிகிற துண்டுக்கும் தேவை. மற்ற இடமெல்லாம் ஆடு மாடு வராமல் இருந்தால் போதும். ஒரு பக்கம் ஏற்கெனவே அயலவரின் மதில் இருக்கும். செலவைக் குறைக்கிறதுக்கு மலிவு மரம் தேடுவதைவிட இந்த ஒரு நடை கூடின பலன் தரும்.

என்ன வேலி?

நூறடி, ஆறடி உயரம் என்று வைத்து மூன்று வகையைக் கணக்குப் பார்ப்போம். கீழே வருகிற ரூபாக்கள் எல்லாம் கணக்குக் காட்ட நான் வைத்தவை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறினபோது ஒரு மாதத்து விலைப்பட்டியல் அடுத்த மாதம் அடுப்பு மூட்டத்தான் உதவியது. அளவுகள் மாறாது, விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிப் போடுங்கள்.

முதலாவது, கதியால் நட்டுக் கிடுகு, அதாவது பின்னின தென்னோலை, அடைப்பது. எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்தது. கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கை, எது கிடைக்கிறதோ அது. ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் என்றால் நூறடிக்கு 67 வரும், பட்டுப்போகிறதையும் சேர்த்து 80 எடுத்து வையுங்கள். ஒரு கிடுகு ஐந்தடி நீளத்தை மறைத்து, வரிசைக்கு வரிசை முக்கால் அடி ஏறினால், ஆறடிக்கு 8 வரிசை, நூறடிக்கு 160 கிடுகு. ஆனால் பின்னுகிற ஆளுக்கு ஆள் கிடுகின் அகலம் மாறும், ஆகவே முழுவதையும் வாங்க முதல் பத்தடியை அடைத்துப் பார்த்து எண்ணுங்கள். கதியால் 130 ரூபாப்படி 10,400, கிடுகு 80 ரூபாப்படி 12,800, இரண்டு பேர் இரண்டு நாள் 3,500 ரூபாப்படி 14,000, கட்டுக்கம்பி 2,000. ஆக 39,200. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடுகு மாற்ற வேண்டும், கதியால் நிற்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் 28,800. பத்து வருஷத்தில் நாலு தடவை மாற்றினால் மொத்தம் 154,400. வருஷத்துக்கு 15,440.

இரண்டாவது, படத்தில் இருந்த பலகை வேலி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் 13 இடைவெளி, 14 தூண். தூண் நாலுக்கு நாலு அங்குலம், எட்டடி நீளம், இரண்டடி மண்ணுக்குள். குறுக்குச் சட்டம் மூன்று வரி, நாலுக்கு இரண்டு, 300 அடி. பலகை ஆறங்குல அகலம் என்றால் 200. மரக்காலையில் கன அடியில்தான் விலை சொல்வார்கள், அதனால் கன அடியாக மாற்றிக்கொண்டு போங்கள்: தூண் 12.5, சட்டம் 16.7, ஓரங்குலத் தடிப்புப் பலகை 50. கூட்டினால் 79, கழிவுக்கு பத்து வீதம் சேர்த்து 87 கன அடி. பலகையை முக்கால் அங்குலமாக அரியச் சொன்னால் 12 கன அடிக்கு மேல் மிச்சம், மறைப்புக்கு அது போதும். ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன், எங்கள் வெயிலுக்கு மெல்லிய பலகை வளைந்து நெளிந்துவிடும். கன அடி 4,000 என்று வைத்தால் மரம் மட்டும் 348,000. ஆணி, சீமெந்து, பெயின்ற் 40,000. ஓடாவியாரும் கையாளும் ஐந்து நாள், சராசரி 4,500 ரூபாப்படி 45,000. மொத்தம் 433,000. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பூச்சுக்கு 25,000, பத்து வருஷத்தில் மூன்று தடவை. ஆக 508,000, வருஷத்துக்கு 50,800. அதுவும் தூண் பத்து வருஷம் நின்றால். என்னுடையது மூன்று வருஷம் நின்றது.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது. தூண் கொங்கிறீற், குறுக்கே பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்), அதில் கருக்குமட்டையும் (ஓரத்தில் பல்லுள்ள பனைமட்டை) பனையோலையும். கீழ் மூன்றடிக்கு மட்டையை நெருக்கி நிறுத்தி, மேலே மிதித்துக் காயவைத்த ஓலையை வைத்துக் கட்டுவது. கருக்கு இருப்பதால் நாய் மூக்கை வைக்காது. மட்டை கிடுகைவிடக் கூடக்காலம் கிடக்கும். 14 தூண் 2,500 ரூபாப்படி 35,000, சிலாகை 330 அடி 100 ரூபாப்படி 33,000, மட்டையும் ஓலையும் 15,000, கூலி எட்டு ஆள்நாள் 32,000, சீமெந்து, கம்பி, போல்ற் எல்லாம் 15,000. மொத்தம் 130,000. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 31,000 போட்டு மட்டையும் ஓலையும் மாற்றினால் பத்து வருஷத்துக்கு 223,000, வருஷத்துக்கு 22,300. பத்தாம் வருஷம் முடிகிறபோது தூண் அப்படியே நிற்கும். வளவில் நாலு பனை நின்றால் ஓலைக் காசும் இல்லை.

தகரம் அடிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். மறைக்கும், கெதியாக முடியும், ஆனால் கடல் காற்று படுகிற இடத்தில் ஆணி அடித்த ஓட்டையிலிருந்து கறள் ஏறும், மத்தியானத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பச்சை வலை இரண்டு மழைக்குத்தான் தாங்கும்.

மரம் வாங்குவது

எந்த மரம் என்பதைவிடக் காய்ந்த மரமா என்பது முக்கியம். நான் வாங்கினது பச்சை மரம், அது எனக்கு மூன்றாம் மாதம்தான் தெரிந்தது, பலகைக்குப் பலகை விரல் போகிற இடைவெளி விட்டபோது. மறைப்பு வேலி போட்டு மறைப்பில்லாமல் போனது. பலகையைத் தூக்கிப் பாருங்கள், அதே மரத்தில் அதே அளவுள்ள இன்னொன்றைவிடப் பாரமாக இருந்தால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. வாங்கி வந்தும் நிழலில், இடையில் கட்டை வைத்து, காற்றுப் போகிற மாதிரி அடுக்கி இரண்டு மாதமாவது விடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பனை வாங்கினால் முற்றின மரம், வைரம் பாய்ந்தது, கறுப்பு வரி நெருக்கமாக ஓடினது பார்த்து எடுங்கள். நடுவிலுள்ள வெளிர் பகுதி சோறு மாதிரி, அதைச் சிலாகையில் சேர்த்துத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளவில் நிற்கிற மரத்தைத் தறித்து வேலைக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும், 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அது. சொந்தக் காணி என்பது சாட்டாகாது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள், மரத்தை ஏற்றிக்கொண்டு றோட்டில் போகவும் பத்திரம் வேண்டும். மரம் ஏற்ற வருகிற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் "ஒண்டும் பிரச்சினையில்லை" என்று சொன்னால், பிடிபட்டால் கட்டுகிற காசு அவருடையதா உங்களுடையதா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

அந்த இரண்டு சாண்

மரம் முழுக்க மண்ணுக்குள் இருந்தால் காற்றில்லை, கெதியில் உக்காது. முழுக்க வெளியில் இருந்தால் நனைந்தாலும் காயும். நிலமட்டத்தில்தான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிறது, அங்கேதான் உக்கல் தொடங்குகிறது, உக்கின மணத்துக்குக் கறையான் வருகிறது. தூணைச் சுற்றிக் கொங்கிறீற் ஊற்றிவிட்டால் பயமில்லை என்று நானும் நினைத்தேன். காய்ந்த பிறகு மரம் சுருங்கிக் கொங்கிறீற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வந்தது, மாரியில் அதற்குள் தண்ணீர் நின்றது. நானே காசு கொடுத்துத் தூணுக்கு ஒரு வாளி கட்டிக் கொடுத்த மாதிரி.

சரி, என்ன செய்யலாம்? மரத்தை மண்ணில் படவே விடாதீர்கள். மூன்றரை அடிக் கொங்கிறீற் குற்றி ஒன்றை இரண்டடி புதைத்து, மேலே நிற்கிற ஒன்றரை அடியில் மரத்தூணை இரண்டு போல்ற் போட்டு இறுக்குங்கள், மரத்தின் அடி நிலத்திலிருந்து மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். பிறகு மரம் பழுதானால் போல்ற்றைக் கழற்றி மாற்றலாம், கிடங்கு வெட்டத் தேவையில்லை. இன்னும் லேசு, முழுத் தூணையும் கொங்கிறீற்றில் போட்டுவிடுவது. ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழக் கிடங்கு 14 க்கு, சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று சல்லி ஆறு என்றால் 3 முதல் 4 பை சீமெந்து போதும். கிடங்கின் மேல்வாயைத் தூணிலிருந்து வெளியே சரிவாக இழுத்துவிடச் சொல்லுங்கள்.

வெட்டுகிற கூலி இடத்துக்கு இடம் மாறும். தென்மராட்சி மணலில் கிடங்கு பொசுக்கென்று இறங்கும், ஆனால் பிடிப்பில்லை, இன்னும் அரையடி ஆழம் போக வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் சில வளவுகளில் ஓரடி போனதும் சுண்ணாம்புக்கல் டங்கென்று அலவாங்கில் அடிக்கும். ஆறு கிடங்கு ஒரு நாளில் முடிகிற இடத்தில் இரண்டுதான் முடியும். விலை பேச முதல் இரண்டு மூலையில் அலவாங்கை இறக்கிப் பாருங்கள்.

தூணுக்குக் கழிவு ஓயில் பூசுகிறது எங்கள் ஊரில் பழைய வைத்தியம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுகிறது கீழே போகும், கீழே இருப்பது நாங்கள் குடிக்கிற தண்ணீர். சுன்னாகத்துப் பக்கம் கிணற்றில் எண்ணெய் மிதந்த காலத்தை மறக்கிற அளவுக்கு வருஷம் ஆகவில்லை. கிணற்றடி வேலிக்கு அதைப் பூசுவது இன்னும் விசர் வேலை.

பலகையையும் நிலத்தில் முட்ட விடாதீர்கள், மூன்று அங்குலம் விடுங்கள். அந்த இடைவெளி மாரி வெள்ளம் போகவும் வேண்டும். வெள்ளம் வழக்கமாகப் போகிற பக்கத்தை அடைத்துவிட்டால் ஐப்பசியில் உங்கள் முற்றம் குளம், அல்லது பக்கத்து வீட்டு முற்றம் குளம். இரண்டாவதுதான் கூடின கஷ்டம்.

காற்று

என் வேலி விழுந்ததற்குப் பாதிக் காரணம் அடி உக்கினது, மிச்சப் பாதி சோளகம். நெருக்கமாக அடித்த பலகை காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. கிடுகுக்குள்ளால் காற்று கசிந்து போகும், பலகைக்குள்ளால் போகாது. பலகையைக் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு பக்கம் ஒன்று மறுபக்கம் ஒன்றாக மாற்றி மாற்றி, ஓரம் ஓரங்குலம் ஏறி மறைக்கிற மாதிரி அடித்தால் கண்ணுக்கு மறைப்பு, காற்றுக்கு வழி. இப்படி அடித்தால் பலகை கொஞ்சம் கூடத் தேவைப்படும், தூண் தப்பும். வயல் பார்த்த, கடல் பார்த்த வளவுக்கு எட்டடியை ஆறடி இடைவெளியாக்குங்கள். 100 அடிக்கு 18 தூண் வரும்.

ஆணி 200 பலகைக்கு, மூன்று சட்டம், இரண்டிரண்டாக 1,200. கறள் பிடிக்காத கல்வனைஸ் ஆணியே வாங்குங்கள், இதில் மிச்சம் பிடித்தவர்களின் வேலியில் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் கறுப்புக் கண்ணீர் ஓடியிருக்கும்.

ஆள் பிடிப்பது

அடிக்கு இவ்வளவு என்று கொந்தறாத்துக் கொடுத்தால் வேலை பறக்கும், கிடங்கு ஒன்றரை அடியில் நிற்கும். நாட்கூலி என்றால் கிடங்கு ஆழம் போகும், நாட்களும் போகும். நான் செய்கிறது இரண்டும் கலந்தது: கிடங்கும் தூணும் நாட்கூலி, நான் பக்கத்தில் நின்று தடியால் ஆழம் அளந்த பிறகுதான் கொங்கிறீற். பலகை அடிக்கிறது, ஓலை கட்டுகிறது கொந்தறாத்து. அவை கண்ணுக்குத் தெரிகிற வேலை, பிழை விட்டால் காணலாம்.

ஓலை வேலி என்றால் ஒரு ஆள் போதாது. குத்தூசி ஒன்று, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியே நிற்கிறவர் வரிச்சை (ஓலையை அமத்திக் கட்டுகிற குறுக்குத் தடி) பிடித்துக் குத்தூசியை ஓலைக்குள்ளால் தள்ளுவார், உள்ளே நிற்கிறவர் கயிற்றைக் கழற்றி வரிச்சைச் சுற்றித் திருப்பிக் கோப்பார், "இழு" என்றால் இழுவை. முகம் பார்க்காமல் நாள் முழுக்க நடக்கிற கதை அது, ஊர்ப் புதினம் எல்லாம் அந்த ஓட்டைக்குள்ளால் போய்வரும். சின்ன வயதில் நான் உள்ளே நின்று குத்தூசியில் கை குத்துப்பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. மகனை விடுவதென்றால் கையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

எப்ப தொடங்குவது?

கதியால் மழையோடு நட வேண்டும், புரட்டாதிக் கடைசி, ஐப்பசி. வேர் பிடிக்கும். பலகையும் கொங்கிறீற்றும் மழை விட்ட பிறகு, மாசி பங்குனியில், சோளகம் தொடங்க முதல். கலியாணம், சாமத்தியவீடு வருகிற மாதங்களில் ஓலைக்கும் ஆளுக்கும் இழுபறி, எல்லாரும் அந்தக் கிழமையில்தான் வேலியைப் பார்ப்பார்கள்.

படலைக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். தூண் இரண்டும் மற்றதைவிடத் தடிப்பு, கிடங்கு மூன்றடி, ஏனென்றால் படலையின் பாரமெல்லாம் ஒரு பிணைச்சலில் தொங்கும். அகலம் லான்ட்மாஸ்டர் நுழைகிற மாதிரி இருக்கட்டும், பிறகு ஒரு லோட் மணல் பறிக்க வேலியை வெட்டிய ஆட்களை எனக்குத் தெரியும்.

தங்கச்சிக்குக் கடைசியில் இப்படிக் கணக்கு அனுப்பினேன். அவள் கேட்டது 160 அடிப் பலகை வேலி, அடிக்கு 4,330 படி 692,800. நான் எழுதினது கிணற்றடிக்கு 40 அடி பலகை 173,200, மிச்சம் 120 அடி கதியாலும் கிடுகும், அடிக்கு 392 படி 47,040. குற்றிக்கும் போல்ற்றுக்கும் இன்னொரு 12,000. ஒரு நாள் முழுக்க நீல ரிக் விழுந்தபடி கிடந்தது. பிறகு, "கிடுகு வேலியோ அண்ணா, பிள்ளையள் வந்தால் படம் எடுப்பினம்" என்று பதில் வந்தது.

கதியால் ஐப்பசி முதல் மழையோடு நட்டாயிற்று, சீமைக்கிளுவை துளிர்த்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆடு இரண்டைத் தின்றும்விட்டது. பலகை விறாந்தையில் அடுக்கிக் காய்கிறது.